உந்த வால்வு

எங்கள் டிப்ளோமாவில் கடைசி வருடம் வகுப்பே கிடையாது. ஏதாவது ஒரு தொழிற்சாலையில் பன்னிரண்டு மாதம் வேலை பழக வேண்டும். தினமும் டயரி எழுத வேண்டும். கிழமைக்கு ஒருமுறை அதில் போர்மன் கையெழுத்து வைப்பார். வருடம் முடிய மனேஜர் ஒரு கடிதம் தருவார். அந்தக் கடிதம் இல்லை என்றால் அந்த வருடமே இல்லை, மறுபடி முதலாம் மாதத்திலிருந்து தொடங்க வேண்டியதுதான். சட்டம் அவ்வளவு சிம்பிள்.

நான் கொழும்பு கிடைக்கும் என்று நினைத்திருந்தேன். கண்ணாடிக் கட்டடம், கழுத்தில் அட்டை, லிப்டில் செல்பி. கிடைத்தது குருநகரில் ஒரு ஐஸ் பக்டரி. பட்ச் முழுக்கச் சிரித்தது. "மச்சான், எங்களுக்கு ஐஸ்பழம் கொண்டு வா" என்று குரூப்பில் ஒரு கிழமைக்கு ஒரே ஸ்டிக்கர். எங்கள் வீடு சுன்னாகத்துக்குப் பக்கத்தில், வெங்காயத் தோட்டம். மீனைக் கறிச்சட்டியில்தான் எனக்குப் பழக்கம். முதல் நாள் பின்னேரம் பஸ்ஸில் பக்கத்தில் இருந்த அக்கா மூக்கைப் பொத்திக்கொண்டு எழும்பிப் போய் நின்றபோதுதான் என்னில் என்ன மணக்கிறது என்றே தெரிந்தது.

பக்டரி என்றால் கடலோரம் ஒரு நீண்ட தகரக் கொட்டகை. ஒரு தொங்கலில் கொம்பிரசர், அதற்குப் பக்கத்தில் றிசீவர் என்கிற பெரிய உருளை. அமோனியா அதற்குள் திரவமாக நிற்கும். மறு தொங்கலில் உப்புத்தண்ணீர்த் தொட்டி. தகரப் பெட்டிகளில் நல்ல தண்ணீரை நிரப்பி அதற்குள் இறக்கினால் ஒரு நாளில் கட்டியாக உறையும். றிசீவரிலிருந்து தொட்டிவரைக்கும் சுவரோடு ஒரு பைப் ஓடும். றிசீவர்ப் பக்கம் ஒரு வால்வு, தொட்டிப் பக்கம் ஒரு வால்வு, இரண்டுக்கும் நடுவில் தூசி பிடிக்கிற ஒரு வடி. இந்த மூன்றையும் மனதில் வைத்திருங்கள். மற்றதெல்லாம் மறந்தாலும் பரவாயில்லை.

என்னோடு இன்னொருவனும் வந்தான். அதே கல்லூரி, வேறு வகுப்பு. ஹட்டன் பக்கம், மலைநாடு. குளிரில் பிறந்தவன் குருநகர் வெயிலுக்கு ஐஸ் செய்ய வந்திருக்கிறான் என்று முதல் நாளே பகிடி விட்டேன். அவன் சிரிக்கவில்லை, கோபிக்கவும் இல்லை. பக்டரிக்குப் பின்னால் ஒரு அறை எடுத்துத் தங்கினான். நான் எட்டரைக்கு வருவேன். அவன் ஏழரைக்கே நிற்பான்.

போர்மன் குருநகர் ஆள். ஐம்பது வயது இருக்கும், எங்களுக்கு அண்ணை. அவரிடம் ஒரு பழக்கம் இருந்தது. எந்தச் சாமானுக்கும் பெயர் சொல்ல மாட்டார். ஸ்பனர், வால்வு, கேஜ், வாளி எல்லாம் அவருக்கு உது. "உதை எடு, உதிலை வை, உதைத் திருப்பு." கை நிறையக் கிரீஸ் இருப்பதால் நாடியால்தான் காட்டுவார். இந்தப் பக்கத்து ஆட்கள் எங்களுக்கு அது பிறந்த நாளிலிருந்து கேட்ட சொல், ஆகவே நாடி எந்தப் பக்கம் திரும்பினாலும் விளங்கும்.

அவனுக்கு விளங்கவில்லை. இரண்டாவது நாள் அண்ணை கொம்பிரசருக்கு அடியில் படுத்திருந்துகொண்டு கை நீட்டினார்.

"தம்பி, உதை தா."

அவன் ஒரு அடி பின்னால் போனான். "எதுக்குண்ணே உதை? நான் என்ன பண்ணேன்?"

அண்ணை படுத்த இடத்திலேயே வயிறு குலுங்கச் சிரித்தார். நான் தொட்டியடிவரை போய் நின்று சிரித்தேன். ஐஸ் ஏற்ற வந்து, மீன் வைக்கிற வெள்ளை றெஜிபோம் பெட்டிகளோடு வாசலில் நின்ற மீன்காரர்களுக்கும் போய்ச் சொன்னேன். அதற்குப் பிறகு ஒரு மாதத்துக்கு அவனைக் கண்டால் ஆளுக்கு ஆள் "தம்பி, உதை வேணுமோ?" என்று கேட்டார்கள்.

அன்று மத்தியானம் சாப்பிடும்போது அவன் ஒரு கொப்பியைத் திறந்து வைத்துக்கொண்டு என்னிடம் கேட்டான். "சிரிக்காம சொல்லு. உதுன்னா என்னா?"

"இது எண்டால் என்ரை கிட்ட. அது எண்டால் ரெண்டு பேருக்கும் தூரம். உது எண்டால் உன்ரை கிட்ட."

"அப்போ கேக்கிறவன் கிட்ட இருக்கிறது உது."

"ஓம். அவ்வளவுதான்."

"போன்ல பேசினா?"

"போனிலை எண்டால் அவன்ரை பக்கத்திலை இருக்கிற எல்லாமே உதுதான். அம்மா எனக்குப் போன் பண்ணினால் உங்கை மழையோ எண்டு கேப்பா. நான் நிக்கிற இடம் அவவுக்கு உங்கை."

அவன் எழுதினான். பிறகு பேனையால் தலையைச் சொறிந்துகொண்டு, "அப்போ ஒருத்தர் சொன்னத இன்னொருத்தருக்குச் சொல்லும்போது? கேக்கிற ஆள் மாறிப்போறான் இல்ல? அப்போ உதுவும் மாறணுமே?" என்றான்.

"டேய், சோத்தைத் தின். மண்டையைக் காயவையாதை."

எனக்குப் பதில் தெரியாது. தெரியாது என்று சொல்ல மனமும் இல்லை. சொந்த மொழியில் ஒருவன் வந்து கேள்வி கேட்டு மடக்குவதா என்று இருந்தது.

ஏழு மாதம் அப்படிப் போனது. வேலை பிடிபட்டது. நான் கொம்பிரசர் சத்தத்தை வைத்தே அதற்கு எண்ணெய் குறைந்திருக்கிறது என்று சொல்லும் அளவுக்கு வந்தேன். வந்ததும் தலைக்கனமும் வந்தது. டயரியில் மூன்று நாள் வேலையை ஒரேயடியாக எழுதிவிட்டு நீட்டுவேன், அண்ணை பார்க்காமல் கையெழுத்து வைப்பார். அவன் ஒவ்வொரு நாளும் எழுதுவான், படமும் கீறுவான். பைப், வால்வு, வடி என்று அவன் கீறிய படத்தைப் பார்த்துத்தான் எனக்கே அந்த லைன் ஒழுங்காக விளங்கியது. அதை அவனிடம் சொன்னதில்லை.

பங்குனி வெயில் தொடங்கியபோது வடி அடைத்துக்கொண்டது. ஐஸ் உறைய நேரம் எடுத்தது. வாசலில் படகுக்காரர் வந்து கத்தினார்கள். அண்ணை வடியின் மூடிக்குப் புது வாசர் வெட்டுவிக்க டவுணுக்குப் போனார். அங்கிருந்துதான் போன் எடுத்தார். நான் றிசீவருக்குப் பக்கத்தில் ஒரு வாளியைக் கவிழ்த்துப் போட்டு இருந்து, ரோல்ஸ் தின்றுகொண்டு கிரிக்கெட் பார்த்துக்கொண்டிருந்தேன்.

"எங்கை நிக்கிறாய்?"

"றிசீவரடியிலை, அண்ணை."

"நல்லதாப் போச்சு. உந்த வால்வைப் பூட்டு. பைப் காலியாகட்டும். நான் வந்து வடியைக் கழட்டுறன்."

"ஓம் அண்ணை."

வால்வு எனக்கு ஒரு கை எட்டும் தூரத்தில் இருந்தது. இறுகின வால்வு, இரண்டு கையும் வேண்டும். என் ஒரு கையில் ரோல்ஸ், மறு கையில் போன். அவன் கொட்டகையின் மறு தொங்கலில், தொட்டியடியில், உப்புத்தண்ணீரின் வெப்பநிலை பார்த்து எழுதிக்கொண்டு நின்றான். இரண்டு கையும் சும்மா.

"டேய்! உந்த வால்வைப் பூட்டட்டாம்!"

அவன் நிமிர்ந்து என்னைப் பார்த்தான். தனக்குப் பக்கத்திலிருந்த வால்வில் கையை வைத்து ஏதோ கேட்டான். கொம்பிரசர் சத்தத்தில் கேட்கவில்லை. வாய் அசைந்தது மட்டும் தெரிந்தது.

"ஓம், ஓம்! பூட்டு!" என்று பெருவிரலைக் காட்டினேன்.

எந்த வால்வு என்று நான் யோசிக்கவே இல்லை. இப்போது எத்தனை முறை அந்த நிமிடத்தைத் திருப்பிப் பார்த்தாலும் அதற்குள் ஒரு யோசனையும் இல்லை. ஒரு சொல் என் காதில் வந்து விழுந்தது, அதைத் தூக்கி அவனிடம் எறிந்தேன். பிறகு யாரோ சிக்ஸ் அடித்தார்கள்.

அவன் பூட்டினான். கேஜ் ஊசி மெல்ல இறங்கியது. எந்தப் பக்கத்து வால்வைப் பூட்டினாலும் அந்த ஊசி இறங்கத்தான் செய்யும். வித்தியாசம் பைப்புக்குள். றிசீவர்ப் பக்கம் பூட்டினால் பைப் காலியாகும். தொட்டிப் பக்கம் பூட்டினால் பைப் நிறைய அமோனியா அழுத்தத்தோடு அப்படியே நிற்கும். வெளியே நின்று பார்க்கிறவனுக்கு இரண்டும் ஒன்று.

முக்கால் மணித்தியாலத்தில் அண்ணை வந்தார்.

"பூட்டியாச்சோ?"

"ஓம் அண்ணை" என்றேன் நான். "பூட்டிட்டேண்ணே" என்றான் அவன்.

அண்ணை கேஜைப் பார்த்தார். கொம்பிரசரை நிறுத்தினார். ஸ்பனரை எடுத்துக்கொண்டு வடிக்கு முன்னால் குந்தினார். முதலாவது நட்டு. இரண்டாவது. மூன்றாவதைத் தளர்த்தும்போது மூடி ஒரு பக்கம் கிளம்பியது.

சத்தம் பெரிதாக இல்லை. பிரஷர் குக்கர் விசில் போல ஒரு சீறல், ஆனால் நிற்காத சீறல். வெள்ளைப் புகை. மூக்குக்குள் கத்தியை விட்டதுபோல மணம். அண்ணை "ஐயோ மாதாவே" என்றது மட்டும் கேட்டது. நான் ஓடினேன். வாசல், ஒழுங்கை, முடக்கு, சின்னக் கோயில் சொரூபம், அதுவரைக்கும் நிற்கவில்லை. ஓட்டோ பிடிக்கத்தான் ஓடினேன் என்று பிறகு எல்லோரிடமும் சொன்னேன். ஓட்டோ பிடித்ததும் உண்மை. ஆனால் ஓடத் தொடங்கியபோது என் மனதில் ஓட்டோ இருக்கவில்லை.

ஓட்டோவோடு திரும்பி வந்தபோது அவன் அண்ணையை வெளியே இழுத்துக் கொண்டுவந்திருந்தான். ஐஸ் பெட்டிகளை நனைத்து எடுக்கிற நல்ல தண்ணீர்த் தொட்டிக்குப் பக்கத்தில் அவரைக் கிடத்தி, ஒரு கையால் இமையைப் பிரித்துப் பிடித்து, மறு கையால் கோப்பை கோப்பையாகக் கண்ணுக்குள் ஊற்றிக்கொண்டிருந்தான். தன் சேர்ட்டை நனைத்து முகத்தைச் சுற்றிக் கட்டியிருந்தான். அண்ணை தலையை ஆட்டி ஆட்டிக் கத்தினார்.

"மூடாதீங்கண்ணே. கண்ண மூடாதீங்க. இன்னும் கொஞ்சம்."

ஓட்டோக்காரர் அவசரப்படுத்தினார். அவன் விடவில்லை. இன்னும் ஊற்ற வேண்டும், பிறகுதான் ஏற்றலாம் என்றான். ஊற்றி முடித்து ஏற்றிவிட்டு, சேர்ட்டை மறுபடி நனைத்துக் கட்டிக்கொண்டு உள்ளே போய் றிசீவர் வால்வைப் பூட்டினான். நான் கை எட்டும் தூரத்தில் இருந்தும் தொடாத வால்வு.

ஆஸ்பத்திரியில் டொக்டர், தண்ணீர் ஊற்றியிராவிட்டால் இரண்டு கண்ணும் போயிருக்கும் என்றாராம். அண்ணையின் வலது கை புறங்கையிலிருந்து முழங்கைவரை வெந்திருந்தது. இடது கண் மங்கல்.

மூன்றாவது நாள் மனேஜர் எங்களைக் கூப்பிட்டார். அறையில் ஏசி ஓடியது. ஐஸ் பக்டரியில் எனக்கு உண்மையாகவே குளிர்ந்தது அங்கேதான்.

"ஆர் வால்வைப் பூட்டினது?"

"நான்தான் சேர்" என்றான் அவன்.

"போர்மன் சொன்னது றிசீவர் வால்வை. நீ ஏன் தொட்டி வால்வைப் பூட்டினனீ?"

"உந்த வால்வுன்னு சொன்னாங்க சேர். எனக்குக் கிட்ட இருந்தது அதுதான்."

"உந்த எண்டால் என்னெண்டு உனக்குத் தெரியுமோ?"

"தெரியும் சேர். கேக்கிறவன் கிட்ட இருக்கிறது."

மனேஜர் நாற்காலியில் சாய்ந்தார். கத்தவில்லை. கத்தியிருந்தால் நல்லாயிருந்திருக்கும். "தம்பி, உது எங்கடை ஊர்க் கதை. உனக்கு விளங்காட்டி விளங்கேல்லை எண்டு திருப்பிக் கேட்டிருக்கலாம். வெக்கப்பட ஒண்டும் இல்லை. இப்ப பார், ஒரு மனுசன்ரை கண்."

பிறகு என் பக்கம் திரும்பினார். "நீ இவனுக்கு என்னெண்டு சொன்னனீ?"

"அண்ணை சொன்னதை அப்பிடியே சொன்னனான் சேர். ஒரு சொல்லும் மாத்தேல்லை."

அது முழு உண்மை. சத்தியம் பண்ணச் சொன்னாலும் பண்ணியிருப்பேன்.

வெளியே வந்ததும் அவன் என்னிடம் கேட்டான். "அண்ணே போன்ல என்னா சொன்னாரு?"

"உந்த வால்வைப் பூட்டு எண்டார்."

"உன்கிட்டயா?"

"வேறை ஆரிட்டை?"

"நீ எங்க நின்ன அப்போ?"

"றிசீவரடியிலை. ஏன்?"

அவன் என்னைப் பார்த்துக்கொண்டே நின்றான். கோபம் இல்லை. கரும்பலகையில் கணக்கை எழுதிவிட்டு, வகுப்பில் யாராவது விடை சொல்வார்களா என்று காத்து நிற்கிற மாதிரி. உண்மையிலேயே எனக்கு அப்போது விளங்கவில்லை. "சரி" என்று மட்டும் சொல்லிவிட்டுத் தன் அறைக்குப் போனான்.

கல்லூரிக்குக் கடிதம் போகும்வரை வேலைக்கு வரவேண்டாம் என்று அவனுக்குச் சொன்னார்கள். அடுத்த நாள் காலை பஸ்ஸில் ஊருக்குப் போய்விட்டான். நான் பஸ் ஏற்றிவிடப் போகவில்லை. லீவு எடுக்க முடியாது என்று மெசேஜ் போட்டேன். நீல டிக் விழுந்தது.

அந்தக் கிழமை டயரி எழுத இருந்தேன். விபத்து என்பதால் விபரமாக எழுத வேண்டும், கல்லூரியில் வாசிப்பார்கள், ஆகவே நல்ல தமிழில். "போர்மன் தொலைபேசியில் அழைத்து" என்று தொடங்கினேன். அடுத்து உந்த வால்வு. பேச்சில் வருகிற சொல்லை அறிக்கையில் எப்படி எழுதுவது? அந்த வால்வு என்று எழுதி வெட்டினேன். இந்த வால்வு என்று எழுதி வெட்டினேன். பிறகு, விளக்கமாகவே எழுதுவோம் என்று, "எனக்கு அருகில் இருந்த வால்வை மூடும்படி கூறினார்" என்று எழுதினேன்.

எழுதிவிட்டு வாசித்தேன். எனக்கு அருகில்.

அடுத்த வரியும் எழுத வேண்டுமே. "நான் சக மாணவனிடம்..." சொன்னது அதே உந்த. ஆனால் அவனிடம் சொல்லும்போது அதற்கு அர்த்தம், அவனுக்கு அருகில். அண்ணையின் வாயில் றிசீவர் வால்வாக இருந்தது என் வாயால் போனபோது தொட்டி வால்வாகிவிட்டது. நான் சொல்லியிருக்க வேண்டியது இந்த வால்வு. ஒரு எழுத்து. அவன் சோற்றுக்கு முன்னால் கொப்பியை வைத்துக்கொண்டு கேட்டதும் இதைத்தான். எங்கள் சொல்லை எங்கள் எல்லோரையும்விடச் சரியாக விளங்கி வைத்திருந்தவன் அவன் ஒருவன்தான். விளங்கினபடியேதான் செய்தான்.

அந்தப் பக்கத்தைக் கிழித்தேன். "தவறான வால்வு மூடப்பட்டதால்" என்று ஒரு வரி எழுதி முடித்தேன். யார் மூடினார், யார் சொன்னார், ஒன்றும் இல்லாத வசனம். நல்ல தமிழில் அந்த வசதி இருக்கிறது.

பிறகு மூன்று கிழமை வாயைத் திறக்கவில்லை. காரணம் ஒன்றும் பெரிதாக இல்லை. எனக்கு இன்னும் ஐந்து மாதம்தான் இருந்தது. சொன்னால் என் ஏழு மாதமும் போகும். சொல்லாவிட்டால் அவனுடைய ஏழு போகும். அவன் ஹட்டனில் இருந்தான், நான் எனக்குக் கிட்ட இருந்தேன். எவருக்கு அருகில் எது என்ற கணக்கை அப்போது மட்டும் பிழையில்லாமல் போட்டேன்.

கல்லூரியிலிருந்து, போர்மனின் வாக்குமூலம் எழுத்தில் வேண்டும் என்று கேட்டார்கள். அது வந்தால்தான் அவனுடைய பயிற்சியை ரத்துச் செய்யலாம். அண்ணையின் வலது கை இன்னும் கட்டுக்குள் இருந்தது. மனேஜர் என்னைக் கூப்பிட்டார். "உனக்குக் கையெழுத்து வடிவு. போய் அவர் சொல்லச் சொல்ல எழுதிக்கொண்டு வா."

அண்ணையின் வீடு தேவாலயத்துக்குப் பின்னால். கறுப்புக் கண்ணாடி போட்டுக்கொண்டு கட்டிலில் இருந்தார். அவருடைய மனைவி, எங்களுக்கு அக்கா, பிளேன்ரீ கொண்டுவந்து வைத்துவிட்டு வாசற்படியில் நின்றார்.

"வா. எழுது" என்றார் அண்ணை. "மேற்படி தினத்தில் நான் தொலைபேசியில்... உந்த வால்வைப் பூட்டச் சொன்னனான். மலைநாட்டுப் பெடியனுக்கு எங்கடை கதை விளங்காதபடியால்..." நிறுத்தினார். "என்ன, எழுதேல்லையோ?"

"எழுதுறன்."

"நல்ல பெடியன்தான். கிழமைக்குக் கிழமை போன் பண்ணுறவன், அண்ணே கண் எப்பிடி இருக்கு எண்டு. ஆனால் விளங்கேல்லையே, நான் என்ன செய்யிறது. எழுது."

"என்னைப் பற்றி ஏதும் சொன்னவனோ அண்ணை?"

"உன்னைப் பற்றி என்ன சொல்ல இருக்கு?"

பேனை "விளங்காதபடியால்" என்பதில் ளவன்னாவோடு நின்றுவிட்டது. அவன் மூன்று கிழமையாக இந்த மனிதனோடு போனில் கதைத்திருக்கிறான். ஒரே ஒரு வசனத்தில் என்னைப் போட்டுக் கொடுத்திருக்கலாம். அதை நான்தான் சொல்ல வேண்டும் என்று எனக்கு விட்டு வைத்திருக்கிறான்.

"அண்ணை, அவனுக்கு விளங்கினது. நான்தான் பிழையாச் சொன்னனான்."

"நீ நான் சொன்னதைத்தானே சொன்னனீ?"

"அதுதான் பிழை. நீங்கள் எனக்கு உந்த எண்டு சொன்னீங்கள், என்ரை கிட்ட இருந்ததை. நானும் அவனுக்கு உந்த எண்டு சொன்னன். அவன் தன்ரை கிட்ட இருந்ததைப் பூட்டினவன். கையை வைச்சுக் காட்டிக் கேட்டவன். நான் ஓம் எண்டனான்."

அண்ணை முகத்தை என் பக்கம் திருப்பினார். கறுப்புக் கண்ணாடிக்குப் பின்னால் எந்தக் கண் என்னைப் பார்க்கிறது என்று தெரியவில்லை.

"நீ றிசீவரடியிலை நிண்டனீ."

"ஓம்."

"கை எட்டுற தூரம்."

"ஓம்."

"பேந்து ஏன்ரா நீ பூட்டேல்லை?"

"கையிலை ரோல்ஸ் இருந்தது, அண்ணை."

வாசற்படியில் அக்கா "என்ரை மாதாவே" என்று மெல்லச் சொன்னார். தெருவில் மீன்காரரின் சைக்கிள் ஹோர்ன் அடித்துக்கொண்டு போனது. அண்ணை இடது கையால் கண்ணாடியைக் கழற்றினார். மங்கின கண் பால் விட்ட தேத்தண்ணீர் மாதிரி இருந்தது.

"அவன் உந்தக் கையாலை என்ரை இமையைப் பிடிச்சுக்கொண்டு நிண்டவன்" என்றார், யாருக்குச் சொல்கிறார் என்று தெரியாமல். அந்தக் கை அங்கே யாருக்கும் அருகில் இல்லை. பிறகு என்னிடம், "பேப்பரைக் கிழி. புதுசா எழுது. முதல் வரியிலை உன்ரை பேரைப் போடு" என்றார்.

எழுதினேன். நடந்தது முழுவதும். ரோல்ஸும். முடிவில் அவர் ஒரு வரி சேர்க்கச் சொன்னார்: வால்வுக்குப் பெயர் சொல்லாதது தன்னுடைய பிழை என்று. நான் அது தேவையில்லை அண்ணை என்றேன். "நீ வாயைப் பொத்து" என்றார். இடது கையால் கையெழுத்து வைத்தார், சின்னப் பிள்ளை எழுதின மாதிரி வந்தது.

நான் எழும்பியபோது, "இஞ்சை வராதை கொஞ்ச நாளைக்கு" என்றார்.

மனேஜர் அதை இரண்டு முறை வாசித்தார். இந்த முறை கத்தினார். கல்லூரியில் விசாரணை வைத்தார்கள். அவனுடைய ஏழு மாதமும் செல்லும் என்று தீர்மானித்தார்கள், என்னுடையது செல்லாது. அவனை இங்கே திரும்பக் கூப்பிட்டார்கள். அவன் வரவில்லை. தன் ஊருக்குப் பக்கத்தில் ஒரு தேயிலைத் தொழிற்சாலையில் மிச்ச ஐந்து மாதத்தையும் செய்தான். நான் ஒரு நீளமான மெசேஜ் எழுதி மன்னிப்புக் கேட்டேன். அதற்கும் நீல டிக் மட்டும்தான்.

என்னை மனேஜர் வெளியே அனுப்பத்தான் இருந்தார். அண்ணை போன் பண்ணி, "உவன் உங்கையே நிக்கட்டும்" என்றாராம். உவன். பெயரும் இல்லை, தம்பியும் இல்லை. நின்றேன். முதலாம் மாதத்திலிருந்து. முதல் வேலை, எல்லா வால்வுகளுக்கும் இலக்கம் எழுதினேன். மஞ்சள் பெயின்ற், தகரத் துண்டு, கம்பி. றிசீவர் வால்வு ஒன்று. தொட்டி வால்வு இரண்டு.

அண்ணை ஐப்பசியில் வேலைக்குத் திரும்பினார். இலக்கங்களை ஒவ்வொன்றாகக் கிட்டப் போய்ப் பார்த்தார். வால்வு என்றால் இப்போது "ஒண்டு", "ரெண்டு" என்று சொல்கிறார். மற்றதெல்லாம் இன்னும் உதுதான். என்னோடு வேலை மட்டும் கதைப்பார்.

போன கிழமை ஒரு நாள் காலையிலிருந்து மழை. தகரத்தில் விழுகிற சத்தத்தில் கொம்பிரசர்கூட அடங்கிப்போயிருந்தது. அண்ணை தொட்டியடியில் இரண்டு கையும் உப்புத்தண்ணீருக்குள் விட்டு நின்றார். அவருடைய போன் றிசீவருக்குப் பக்கத்தில், நான் இருந்த வாங்குப் பலகையில் கிடந்து அடித்தது.

"உந்தப் போனை எடு!" என்று கத்தினார்.

எடுத்தேன்.

"அண்ணே, உங்கை மழையா?" என்றது அவனுடைய குரல்.

எட்டு மாதத்துக்குப் பிறகு கேட்கிறேன். அவனுடைய வாயில் அந்தச் சொல், சரியான இடத்தில்.

"அண்ணை வேலையா நிக்கிறார்" என்றேன். "நான்தான்."

போனை வைத்துவிட்டானோ என்று திரையைப் பார்த்தேன். வைக்கவில்லை.

"ஓம்" என்றேன். "இங்கை மழை."

"சரி" என்றான். பிறகு, "அண்ணேகிட்ட குடு. இங்க மனேஜர் கடிதம் குடுத்துட்டாருன்னு சொல்லணும்."

இருந்த இடத்திலிருந்தே கத்தி அதைச் சொல்லியிருக்கலாம். வாயில் வந்தும் விட்டது. விழுங்கினேன். எழும்பி, ஈரத் தரையில் வழுக்காமல், கொட்டகையின் நீளம் முழுக்க நடந்து போய், அண்ணை கையைத் துடைக்கும்வரை நின்று, போனை அவருடைய கையில் கொடுத்தேன்.